எண்ணாயிரத்துக் கல்லூரியின் நெற்கணக்கு

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் நரசிங்கப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு, அக்கால உயர்கல்வி நிலையம் ஒன்று நடந்த முறையை நாழி என்னும் சிறிய முகத்தல் அளவையின் கணக்கு வரை எடுத்துரைக்கும் அரிய ஆவணமாகும். 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் ஆகியோரின் செலவுக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர்.

மாணவருள் 270 பேர் இளநிலையினர். இவர்களில் 230 பேர் வேதங்களை மனனம் செய்ய, எஞ்சிய 40 பேர் தொடக்கநிலை வடமொழி இலக்கண நூலான ரூபாவதாரத்தைக் கற்றனர். மேல்நிலையில் பயின்ற 70 பேரில் வியாகரணம் எனப்படும் இலக்கணத்தை 25 பேரும், வேதாந்தத்தை 10 பேரும் படித்தபோது, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் நெறியான மீமாம்சையின் பிரபாகரர் மரபை 35 பேர் பயின்றனர். ஊர்ச் சபைகளே வழக்குகளைத் தீர்த்துவந்த காலத்தில், சொல்லுக்குப் பொருள் துணியும் பயிற்சி பெற்றோரின் தேவை மிகுந்திருந்ததே மீமாம்சைக்கு இத்தனை பேர் இருந்ததற்குக் காரணமாகலாம்.

இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி நெல்லும் அளக்கப்பட்டன. குறுணிக்கு எட்டு நாழி, கலத்திற்குப் பன்னிரண்டு குறுணி என்ற வாய்பாட்டின்படி, மாணவருக்கு மட்டுமே நாள்தோறும் 24 கலத்துக்கு மேல் நெல் தேவைப்பட்டது. பிற்காலத்துச் சோழ மன்னன் வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டோ, அவ்வூர்க் கல்வி நிலையத்தின் மாணவர் விடுதியோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் (மருத்துவமனையையும்), சனிக்கிழமை நீராட்டுக்கான எண்ணெயையும் குறிப்பிடுகிறது. கற்போன் உணவுக்கும் உடல்நலத்துக்கும் அலையாமல் கற்க வேண்டும் என்பதில் அக்காலத்தோர் காட்டிய அக்கறை உண்மையிலேயே போற்றத்தக்கது.

ஆயினும் எண்ணாயிரத்துப் பாடப்பட்டியலில் தமிழ் இல்லை. அதே கோயிலில் தமிழ்ப் பக்திப் பாடல்களான திருவாய்மொழியை ஓதுவதற்கு நிவந்தம், அதாவது நிலையான கொடை, இருந்தும் தமிழ் இலக்கணமோ இலக்கியமோ அங்குப் பாடமாக வைக்கப்படவில்லை. வேதம் பயிலும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்ததால், அந்த 45 வேலியில் உழுது விளைவித்தோரின் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. அவர்களின் உழைப்பையும் இந்த விலக்கத்தையும் சேர்த்துச் சொல்லாமல், எண்ணாயிரத்தைச் சோழர் காலக் கல்விச் சிறப்பின் சான்றாக மட்டும் காட்டுவது நேர்மையான வரலாறு ஆகாது.