ஈயின் மோப்பமும் நம் நூல்களும்

2001-இல் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முந்தைய காலம். மாரிகுப்பத்தில் என் பாத்திரக் கடையில் ஒருநாள் தாங்கமுடியாத நாற்றம். நானும் கடைப்பையனும் அண்டா, குண்டான் எல்லாம் இறக்கிப் பார்த்தோம்; ஒன்றும் அகப்படவில்லை. அப்போது பச்சையாய் மின்னும் ஈ இரண்டு உள்ளே வந்து, நேரே மரப்பெட்டியின் பின்னால் நுழைந்தன. பெட்டியை நகர்த்தினால், செத்த பெருச்சாளி! மறைவில் கிடந்ததை ஈ எப்படிக் கண்டுபிடித்தது? அன்று தொட்டது இந்த ஆராய்ச்சி.

தொல்காப்பிய மரபியல் கறையானையும் எறும்பையும் ஊறு, சுவை, நாற்றம் என்ற மூன்றறிவு உயிர்களில் வைக்கிறது. தும்பிக்குக் கண்ணும் சேர்த்து நான்கறிவு. சமணருடைய தத்துவார்த்த சூத்திரத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஈயை நான்கறிவில் வைப்பது எங்கள் மரபு. ஆக, பூச்சிக்கு மோப்பம் உண்டென்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டே! எல்லாமே நம்மவருக்குத் தெரியும் என்று மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை.

1247-இல் சீனத்து அதிகாரி சுங் சூ எழுதிய பிணப் பரிசோதனை நூலில் ஒரு வழக்கு. கிராமத்தில் ஒருவன் அரிவாளால் வெட்டுண்டு கிடந்தான். விசாரித்த அதிகாரி ஊரார் அரிவாள்களை எல்லாம் தரையில் வைக்கச் சொன்னார். ஒன்றில் மட்டும் ஈ மொய்த்தது. கண்ணுக்குத் தெரியாத ரத்தவாடை! சொந்தக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

1668-இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சி ஜாடிகளில் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். மூடியவற்றில் புழு இல்லை. வாடைக்கு வந்த ஈக்கள் துணிமேலேயே முட்டையிட்டன. இங்கேதான் எனக்குச் சங்கடம். ஐந்தறிவுக்குக் குறைந்த உயிர்கள் தாமாகத் தோன்றும் சம்மூர்ச்சனப் பிறவி என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. ரெடியின் ஜாடி இல்லை என்கிறது. இதை எங்கள் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஜாடி சொல்வதுதான் சரி.

செத்த உடலைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தகம் கலந்த ஆவிகள் கிளம்புகின்றன. டைமெதில் டைசல்பைடு அதில் முக்கியமானது. ஈயின் மூக்கு அதன் உணர்கொம்பில். அங்குள்ள நுண்மயிர்களின் துளை வழியே வாடை ஏறும். ஈ காற்றை எதிர்த்துப் பறந்து வாடை வந்த இடம் சேரும்.

சேனைக்கிழங்குப் பூவும் இதே கந்தக வாடையை வீசி, அழுகலென்று நம்பி வரும் பூச்சிகளை ஏமாற்றி மகரந்தம் பரப்பிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் கிழங்கு சமைப்பதில்லை. பூவைப் பார்க்க அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குத்தான் போனேன். சாட்சாத் அந்தப் பெருச்சாளியேதான்!