பி.எப். பிடித்தம் ரூ.1,800-தானா? கூடுதலாகவும் போடலாம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பலருக்கு சம்பள சிலிப்பில் பி.எப். பிடித்தம் ரூ.1,800 என்றே இருக்கும். அடிப்படை சம்பளம் 15 ஆயிரமாக இருந்தாலும், 25 ஆயிரமாக இருந்தாலும் அதே தொகைதான்.

காரணம், சம்பள உச்சவரம்பு. முன்பு ரூ.6,500 ஆக இருந்த இந்த வரம்பு 2014 செப்டம்பர் 1-ந்தேதி ரூ.15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அதில் 12 சதவீதம்தான் ரூ.1,800. கம்பெனியும் அதே ரூ.1,800 போட வேண்டும். ஆனால் அதில் ரூ.1,250 பென்ஷனுக்கு போய்விடும். மீதி ரூ.550 மட்டுமே பி.எப். கணக்கில் சேரும்.

25 ஆயிரத்துக்கு 12 சதவீதம் என்றால் ரூ.3 ஆயிரம். வரம்போடு கம்பெனி நிறுத்திக்கொண்டால் தொழிலாளிக்கு மாதம் ரூ.1,200, வருஷத்துக்கு ரூ.14,400 போச்சு. சட்டப்படி இதை தட்டிக்கேட்க முடியாது.

பென்ஷனும் குறைவுதான்

பென்ஷன் கணக்கும் இந்த 15 ஆயிரத்தை வைத்துத்தான். 2014-க்கு பிறகு சேர்ந்து 30 வருஷம் உழைத்தாலும், இந்த வரம்புப்படி மாதம் சுமார் ரூ.6,850-தான் வரும். வீட்டு வாடகைக்கே காணாது.

என்ன வழி?

தொழிலாளி தன் பங்கை கூட்டிக்கொள்ளலாம். அடிப்படை சம்பளம், பஞ்சப்படி முழுவதையும்கூட போடலாம். கம்பெனியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி பங்கு கூடாது என்றாலும் வட்டி ஒன்றுதான். 2024-25-ம் ஆண்டுக்கு 8.25 சதவீதம் கிடைத்தது. வருஷத்துக்கு ரூ.2½ லட்சத்துக்கு மேல் போட்டால், அந்த கூடுதல் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. 2021 ஏப்ரலில் வந்த விதி இது. தினக்கூலிக்காரருக்கு இந்த கவலை இல்லை!

காண்டிராக்ட் தொழிலாளர்கள்

ஆவடி, பூந்தமல்லி பக்கம் காண்டிராக்டில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடிப்படை சம்பளத்தை குறைத்து, மீதியை 'அலவன்ஸ்' என்று காட்டி பி.எப்.பை குறைப்பது பழைய தந்திரம். எல்லோருக்கும் பொதுவாக தரும் அலவன்சுக்கும் பி.எப். உண்டு என்று 2019 பிப்ரவரி 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கம்பெனி பங்கையும் தொழிலாளி கூலியிலேயே பிடிக்க சட்டத்தில் இடமில்லை.

பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்க, யு.ஏ.என். எண்ணுடன் இணைத்த செல்போனில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்.எம்.எஸ். வரும். ஏறவில்லை என்றால் சம்பள சிலிப்போடு அம்பத்தூர் மண்டல பி.எப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.