கடல் கடந்த கல்வியும் எமது விண்ணப்பங்களும்

1870ஆம் ஆண்டு இலங்கை அரசின் புலமைப்பரிசிலைப் பெற்று கேம்பிரிட்ஜ் சென்றவர், மானிப்பாய் வழிவந்த பொன்னம்பலம் அருணாசலம். அதே கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதோ 1948இல்தான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1959இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் உருவானது. கிராமத்துப் பெண்பிள்ளையும் கடல் கடந்து படிக்கலாம் என நினைக்க முடிந்தது.

எமது காலத்தில் தடையாய் நின்றது பாதை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது, நகைகளோடு சேர்த்து அம்மாமார் பொதிந்தெடுத்தவை எமது பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைப் பெறுபேறுகளுமே. அந்தக் கடதாசிகளை வைத்துத்தான் பின்னாளில் மருத்துவர்களாகி வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தோம்.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. கொழும்பு செல்ல விமானம் அல்லது கப்பல். எதற்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். சமாதான நீதவானிடம் பிரதிகளை உறுதிப்படுத்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். எம்முள் ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பின்னரே கிடைத்தது. அன்று விடுதியில் ஒருவரும் சாப்பிடவில்லை. மறுமுறை அவள் விண்ணப்பித்தபோது படிவத்தை நாம் எல்லோரும் கூடியிருந்து நிரப்பினோம். போனாள், படித்தாள், பிணைமுறியில் ஒப்பமிட்டபடியே திரும்பி வந்தாள்.

இன்று படிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆயினும், படிப்பின் நோக்கத்தை எப்படி எழுதுவது, சிபாரிசுக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தங்கைமார் தயங்குகின்றனர். உலகெங்கும் வாழும் சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் ஆளுக்கொரு தங்கையின் விண்ணப்பத்தையேனும் வாசித்துத் திருத்திக் கொடுப்போம்.