பள்ளிக்குத் தந்த பணம், ஊரில் போட்ட மைதானம்

சேலம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பி உலகம் அறிந்த வீரர்களான இருவர், கிடைத்த பணத்தில் ஒரு பங்கை ஊருக்கே தர முன்வந்தார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். தமிழக அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்கு என்று அவர் அறிவித்தார். சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். அடுத்த டிசம்பரில், ஊரில் கிரிக்கெட் மைதானம் அமைப்பதாகச் சொன்னார். 2023 ஜூன் 23 அன்று கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார்.

இருவர் வீட்டு நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாரியப்பனின் தாய் காய்கறி விற்றார். நடராஜனின் தந்தை நெசவுக் கூலி, தாய் சாலையோரத்தில் கடை போட்டவர். திறமையை அடையாளம் கண்டவர்கள்தான் வேறு. மாரியப்பனை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். நடராஜன் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் வளர்ந்தவர். அவரைக் கைதூக்கி விட்டவர் ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். தன்னை வளர்த்த இடம் எதுவோ, அதற்கே ஒவ்வொருவரும் செய்தார்கள். ஒருவர் பள்ளிக்கும் மற்றவர் பள்ளிக்கு வெளியிலும் கொடுத்ததற்குக் காரணம் இதுவே என்று தோன்றுகிறது.

பலன் யாருக்கு என்று பார்த்தால் பள்ளியின் பக்கம் தராசு சாயும். அரசுப் பள்ளி மைதானத்தில் இறங்க யாரும் தேர்வு பெற வேண்டியதில்லை. கபடிக்காரனுக்கும் ஓட்டக்காரிக்கும் அங்கே இடமுண்டு. சாயங்காலம் ஊர் மைதானத்துக்கு அனுப்பாத வீட்டுப் பெண் பிள்ளைகூட பி.டி. பீரியடில் விளையாடலாம். தனியார் மைதானம் எவ்வளவு நல்ல எண்ணத்தில் அமைந்தாலும் ஒரே ஆட்டத்துக்கானது. ஒருவரின் வருமானத்தையும் ஆர்வத்தையும் நம்பி நிற்பது.

நடத்துவதில் நிலைமை தலைகீழ். உயரம் தாண்ட இரண்டு கம்பமும் குறுக்குக் கம்பியும் மணல் குழியும் போதும் என்றாலும், மணலைக் கிளறிவிட ஆள் வேண்டும். கிரிக்கெட் பிட்ச்சுக்கோ சித்திரை வெயிலிலும் தண்ணீர் விட வேண்டும், ரோலர் இழுக்க வேண்டும். சொந்த மைதானத்தில் இதற்கெல்லாம் பொறுப்பாளி இன்னார் என்று தெரியும். பள்ளியில் தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போவார். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கலாம். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பெரிய தொகை ஒன்று வந்தால் மைதானம் உருவாகிவிடும். மூன்றாம் வருடமும் அதில் புதர் மண்டாமல் இருக்கத்தான் ஊர் தேவைப்படுகிறது.

ஊர் சேர்ந்து பள்ளிக்குச் செய்வது நமக்குப் புதிதல்ல. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். இன்று ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தரலாம். கம்பெனிகள் சட்டப்படி செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) செலவுப் பட்டியலில் விளையாட்டும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் 5 கோடி நிகர லாபம் போன்ற வரம்புகளைத் தாண்டிய கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருப்பவரும், நாமக்கல்லின் சிறிய கோழிப்பண்ணைக்காரரும், தறி ஓட்டுபவரும் அதில் வரமாட்டார்கள். இவர்களிடம் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க எந்தச் சட்டமும் தேவைப்படுவதில்லை. வருடா வருடம் கொடுக்கிறார்கள், கணக்கும் கேட்கிறார்கள். பள்ளி மைதானத்துக்கு வேண்டியதும் இதே பழக்கம்தான்.

ஆகவே, பணம் போக வேண்டிய இடத்தை மாரியப்பனிடமும், மைதானத்தை நடத்தும் முறையை நடராஜனிடமும் கற்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து மைதானத்துக்கென்று ஒரு வருடாந்திர நிதி வைக்கட்டும். ரசீது போட்டு வாங்கட்டும். கிராம சபையில் கணக்கை வாசிக்கட்டும். மாலையில் கேட்டைத் திறந்து, பயிற்சி கொடுக்க ஒருவரை அமர்த்தட்டும். உங்கள் ஊரில் பதக்கம் வென்றவர் யாரும் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய முடியும். வரும் பண்டிகை வசூலின்போதே பேச்சை எடுங்கள்.