தம்பிக்குச் சொன்ன புத்தி
(முதலாம் மகாயுத்தத்தில் இந்தியப் படைவீரர் எழுதிய கடிதங்கள்)

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், பிரான்சு தேசத்துத் துறைமுகமாகிய மார்செயில் இந்தியப் படையினர் வந்திறங்கினர். லாகூர்ப் படைப்பிரிவு முன்னும் மீரத்துப் படைப்பிரிவு பின்னுமாக வந்தன. பலர் அணிந்திருந்தது வெப்ப நாட்டுக்குரிய பருத்தி உடை. ஒக்டோபர் மாதம் முடியுமுன்னரே அவர்கள் ஈப்பர் நகரை அடுத்த போர்முனையில் நின்றனர். அதன்பின் வந்தது மாரிகாலம். சேறும் பனியும் நிறைந்த பதுங்குகுழிகளில் அவர்கள் பட்ட பாட்டைத் தளபதிகளின் அறிக்கைகளிலும் பார்க்க, அவர்கள் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களே தெளிவாகக் கூறுகின்றன. அவற்றுள்ளும், ஊரிலே படையிற் சேர எண்ணியிருந்த அல்லது சேர்ந்துவிட்ட உடன்பிறந்தானுக்கு எழுதப்பட்டவை தனிக் கவனத்துக்குரியன.

அக்காலத்து இந்தியப் படையில் ஆட்சேர்ப்பு பெரும்பாலும் குடும்ப வழியாகவே நடைபெற்றது. பஞ்சாபிலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும் கார்வால் மலைநாட்டிலும் சில வகுப்பாரைப் 'போர்க்குலத்தார்' என ஆங்கிலேயர் வகுத்து, அவர்களையே விரும்பிச் சேர்த்தனர். தந்தை இருந்த பட்டாளத்தில் மகன் சேர்வான். தமையன் இருந்த பட்டாளத்தில் தம்பி சேர்வான். காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். வானத்தை நம்பியிருந்த கமக்காரக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. எனவே, யுத்தம் மூண்டதும் வீட்டில் அடுத்தவன் புறப்பட ஆயத்தமாவது இயல்பே. அவனுக்குப் புத்தி சொல்லும் உரிமை, அங்கே போய் நின்று கண்டவனுக்கன்றி வேறு யாருக்கு உண்டு?

ஆனால் அப்புத்தி நேரே சென்று சேரவில்லை. வெளிநாடுகளிலிருந்து இயங்கிய கதர்க் கட்சியினரின் பிரசுரங்கள் சிப்பாய்களின் கையில் எட்டிவிடுமோ என்று அரசினர் அஞ்சினர். ஆகவே இந்தியத் தபாலைப் பரிசோதிக்கவென ஒரு தணிக்கைக் கந்தோர் அமைக்கப்பட்டது. பின்னர் அது பூலோன் நகரில் இயங்கியது. இந்திய சிவில் சேவையைச் சேர்ந்த ஈவ்லின் ஹவெல் என்பார் அதற்குத் தலைவராயிருந்தார். உருது, குர்முகி, இந்தி முதலியவற்றில் எழுதப்பட்ட கடிதங்கள் அங்கே படிக்கப்பட்டன. தெரிந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அறிக்கைகளுடன் இணைக்கப்பட்டன. இன்று இலண்டனில் பாதுகாக்கப்படுவன அம்மொழிபெயர்ப்புகளே. டேவிட் ஒமிசி என்னும் ஆய்வாளர் அவற்றிற் பலவற்றைத் தொகுத்து 1999இல் நூலாக வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் சொல்ல, தெரிந்த ஒருவன் எழுத, மூன்றாமவன் மொழிபெயர்த்த வாசகமே நமக்குக் கிடைத்துள்ளது. அண்ணன் தம்பியை எந்தச் சொல்லால் விளித்தான் என்பதை இனி எவரும் அறியவியலாது.

தணிக்கை உண்டென்பதைச் சிப்பாய்கள் விரைவில் அறிந்துகொண்டனர். அறிந்த பின்னர் மறைபொருளாக எழுதத் தலைப்பட்டனர். அவற்றுட் பெயர்பெற்றது மிளகுக் குறிப்பாகும். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். செம்மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துபோயிற்று என்று ஒருவன் எழுதினால், இந்தியர் பெருந்தொகையாக மாண்டனர் என்று ஊரிலுள்ளோர் விளங்கிக்கொள்ள வேண்டும். வடநாட்டார் மிளகையும் மிளகாயையும் 'மிர்ச்' என்ற ஒரே சொல்லால் வழங்கி, நிறத்தால் மட்டுமே வேறுபடுத்துவர். ஆதலால் இக்குறிப்பு அவர்கள் வாயில் எளிதாக அமைந்தது. பரிசோதகர்களும் பேதையரல்லர். பொருளைக் கண்டுகொண்டனர், எனினும் இத்தகைய மறைமொழியை முற்றாகத் தடுப்பது இயலாதென்பதையும் உணர்ந்தனர். பெரும்பாலான கடிதங்கள் அனுப்பப்பட்டன, சில நிறுத்தப்பட்டன, சிலவற்றில் வரிகள் அடிக்கப்பட்டன.

அப்புத்தியின் சாரம் யாது? இன்னும் சேராதவனுக்கு, சேராதே என்பது. சேர்ந்துவிட்டவனுக்கு, பட்டாளத்தின் ஊர்நிலையமாகிய டிப்போவிலேயே இயன்றவரை தங்கியிரு, கடல் கடக்கும் தொகுதியில் நீயாகப் பெயர் கொடாதே என்பது. போரை மகாபாரதப் போருக்கு ஒப்பிட்டு எழுதியோரும் உளர். பதினெட்டு நாளில் முடிந்த அப்போரைக் காட்டிலும் இது நீண்டதென்பதை 1915 மார்ச்சில் நேவ் சப்பேல் சமருக்குப் பின்னர் எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காயமுற்றோர் பிறைற்றன் நகரில் அரச மாளிகையிலே அமைந்த வைத்தியசாலையில் நன்கு பராமரிக்கப்பட்டனர். ஆனால் காயம் மாறியவுடன் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டனர். இதுவே அவர்களை அதிகம் வருத்தியது. ஒருமுறை குருதி சிந்தியவன் வீடு திரும்ப உரிமையுடையவன் என்பது அவர்கள் எண்ணம்.

இக்கடிதங்களைக் கொண்டு சிப்பாய்கள் கோழைகள் என்று முடிவு கட்டுதல் பெருந்தவறாகும். அவர்கள் தாமே தம்மைச் சுட்டுக்கொண்டு தப்ப முயல்கின்றனரோ என்ற ஐயம் அதிகாரிகளிடையே எழுந்தபோது, பிறைற்றனில் கிச்சினர் வைத்தியசாலைத் தலைவர் கேணல் சீற்றன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்தார். அந்த ஐயத்துக்கு ஆதாரம் காணவில்லை. 1914 ஒக்டோபர் 31இல் தன்னுடன் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய அனைவரும் மாண்ட பின்னும் இடம்விட்டு அசையாது சுட்ட குதாதாத் கான், விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாயானான். மானத்தையும் அரசருக்குரிய கடமையையும் வற்புறுத்தி ஊருக்கு எழுதியோரும் பலர். பிற்காலத்தில் ஒரு சாரார் இக்கடிதங்களில் இராசவிசுவாசத்தையும், மற்றொரு சாரார் எதிர்ப்பையும் மட்டுமே கண்டனர். இரண்டும் ஒருவன் நெஞ்சிலேயே இருக்கக்கூடியன என்பதை இருசாராரும் மறந்தனர். செஞ்சோற்றுக்கடன் உண்டவனுக்கு உரியது. அதைத் தம்பியும் வந்து தீர்க்கவேண்டும் என்று அவன் கருதவில்லை.

வேறு புத்திமதிகளும் உண்டு. பிரெஞ்சுக் கிராமங்களில் பெண்கள் கல்வியறிவுடன் வீட்டையும் வயலையும் தாமே நிருவகிப்பதைக் கண்ட சிலர், நம் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று எழுதினர். போர்முனையிலிருந்து இப்படியொரு சொல் வந்தது வியப்பே.

1915ஆம் ஆண்டின் முடிவில் இந்தியக் காலாட்படைகள் பிரான்சிலிருந்து விலக்கப்பட்டு மெசொப்பொத்தேமியாவுக்கு அனுப்பப்பட்டன. குதிரைப்படையினர் 1918 வரை பிரான்சிற் தங்கினர். அதன்பின் ஊரிலிருந்து புறப்பட்ட தம்பியர் பலர் பிளாண்டேர்ஸ் பனியைக் காணவேயில்லை. குளிருக்கென அண்ணன் சொன்ன புத்தி பஸ்ராவின் வெயிலிலே பயன்படவில்லை. கூட் நகரில் முற்றுகையிடப்பட்ட படை, பசியால் நலிந்து 1916 ஏப்பிரல் 29இல் துருக்கியரிடம் சரணடைந்தது. சிறைப்பட்ட ஏறத்தாழ 13,000 பேரிற் பெரும்பாலோர் இந்தியர்.