அசல் ஆங்கிலேயனும் அங்கதக் கவிஞனும்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்தியது தொல்காப்பியச் செய்யுளியல். வசையை வெளிப்படக் கூறுவது முன்னது. மறைத்து மொழிவது பின்னது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த டேனியல் டீஃபோ இவ்விரு வகைகளையும் அரசியல் களத்தில் கையாண்டவர். ‘ராபின்சன் குரூசோ’வின் ஆசிரியராகவே தமிழர் அவரை அறிவர். அந்தப் புதினம் தோன்றியது 1719இல். அதற்கு முன்பே அவர் பெயர் பெற்ற அங்கதக் கவிஞர். அவருடைய செம்பொருள் அங்கதம் அவருக்குப் புகழைத் தந்தது. பழிகரப்பு அங்கதமோ சிறையைத் தந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அழைத்தவரே பழித்த கதை

1688ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தலைவர்கள் எழுவர், ஹாலந்து நாட்டு இளவரசர் வில்லியத்திற்கு மடல் எழுதிப் படையுடன் வருமாறு வேண்டினர். கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்சிடமிருந்து தம்மைக் காக்க அவர்களுக்கு ஓர் அந்நியர் தேவைப்பட்டார். அவர் வந்தார், மறு ஆண்டு மனைவி மேரியுடன் முடிசூடினார். ஆபத்து நீங்கியதும் நன்றியும் நீங்கியது. அழைத்த நாடே அவரையும் அவருடைய டச்சு நண்பர்களையும் ‘அந்நியர்’ எனத் தூற்றத் தொடங்கியது.

1685இல் பிரான்சு நாட்டில் சமய உரிமை பறிக்கப்பட்டதால் அகதிகளாக வந்த ஹியூகனாட் எனப்படும் புராட்டஸ்டன்டு மக்களும் இப்பழிக்கு ஆளாயினர். அந்நிய நாட்டுப் புராட்டஸ்டன்டுகளுக்குக் குடியுரிமை வழங்கும் மசோதா 1694இல் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, பிரிஸ்டல் நகர உறுப்பினர் சர் ஜான் நைட் கடுமையாக எதிர்த்தார். மசோதாவை அவையிலிருந்தும் அந்நியரை நாட்டிலிருந்தும் உதைத்து வெளியேற்ற வேண்டும் என்னும் கருத்துடைய உரை, அவர் பெயரால் அச்சாகிப் பரவியது. அவை சினந்து எழுந்ததும் அந்த அச்சுரை தம்முடையதன்று என அவர் கைகழுவினார். தூக்கிலிடுவோன் கையால் அது எரிக்கப்பட்டது. ஆயினும் ஊரில் பரவிய வெறுப்பு எரியவில்லை, மசோதா நிறைவேறவுமில்லை.

1700இல் ஜான் டச்சின் என்பார் ‘அந்நியர்’ என்னும் பாடலை வெளியிட்டு, மன்னரின் டச்சு நண்பர்களை இழித்துரைத்தார். இதற்கு விடையாக 1701 சனவரியில் வெளிவந்ததே ‘அசல் ஆங்கிலேயன்’ எனத் தமிழில் சுட்டத்தக்க டீஃபோவின் நெடும்பாடல்.

நகையின் வெற்றி

டீஃபோ அந்நியருக்காக இரங்கிக் கண்ணீர் வடிக்கவில்லை. ‘அசல் ஆங்கிலேயன் என்பவன் யார்?’ என்று மட்டுமே வினவினார். உரோமர், சாக்சானியர், டேனியர், நார்மானியர் என அலையலையாக வந்தோரின் கலப்பே ஆங்கிலேயர் என்று வரலாற்றை வரிசைப்படுத்தினார். வந்தேறிகளின் வழித்தோன்றல், நேற்று வந்தவனைப் பார்த்து ‘வந்தேறி’ என ஏசும் பேதைமையே பாடலின் நகைப்பொருள். குலப்பெருமை வெறும் பொய். தன் நற்பண்பால் மட்டுமே ஒருவன் உயர்வான் என்னும் கருத்துடன் பாடல் முடிகிறது.

பாடல் பல பதிப்புகள் கண்டது. திருட்டுப் பதிப்புகளும் பெருகின. மலிவுப் பதிப்புகள் மட்டும் 80,000 படிகள் தெருக்களில் விற்றதாக டீஃபோ பின்னாளில் எழுதினார். தன்னையும் உள்ளடக்கிய தன் இனத்தையே அவர் எள்ளி நகைத்தமையால், வசைக்கு ஆளானவரும் வாங்கிப் படித்தனர்.

அரசியல் பொய்மையோ அதே ஆண்டில் வெளிப்பட்டது. 1701ஆம் ஆண்டின் அரசுரிமைச் சட்டம், அந்நிய நாட்டில் பிறந்தோர் நாடாளுமன்றத்திலும் அரசவைப் பொறுப்புகளிலும் இடம்பெறுவதைத் தடுத்தது. அதே சட்டம் அரியணையையோ ஜெர்மானிய நாட்டின் ஹனோவர் குடும்பத்திற்கு வழங்கியது. அமைச்சனாக அந்நியன் ஆகான், அரசனாகலாம்! எந்த அங்கதக் கவிஞரும் இதனை விஞ்ச இயலாது.

மறைமொழியின் தோல்வி

1702 மார்ச்சில் வில்லியம் மறைந்தார். அரசுத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்டுகளின் மீது வெறுப்பு பாய்ந்தது. டீஃபோ அப்பிரிவைச் சார்ந்தவர். வெறுப்பாளரின் குரலையே மேற்கொண்டு, இம்மக்களை ஒழிப்பதே எளிய வழி என வாதிடும் உரைநடை நூலொன்றை அவ்வாண்டு இறுதியில் பெயரின்றி வெளியிட்டார். போலிக்குரல் மெய்க்குரலை அப்படியே ஒத்திருந்தது. வெறுப்பாளர் சிலர் மெய்யென நம்பிப் பாராட்டினர், இலக்கானவர்கள் அஞ்சினர். உண்மை வெளிப்பட்டதும் இரு சாராரும் சினந்தனர். அவரைப் பிடிக்க 50 பவுன் பரிசு அறிவிக்கப்பட்டது. 1703 சூலை இறுதியில் மூன்று நாள்கள் இலண்டன் தெருக்களில் தண்டனை மரத்தில் தலையும் கையும் பிணிக்கப்பட்டு நின்றார். மக்கள் கல்லெறியாமல் மலர் தூவினர் என்பது மரபுவழிச் செய்தி.

பழிகரப்பு அங்கதம் வெற்றிபெற, மறைந்த பழியைக் கேட்போர் கண்டுகொள்ள வேண்டும். அரசியல் மேடையின் வெறுப்பே எல்லை மீறிவிட்ட காலத்தில் மிகைப்படுத்தலும் மெய்யாகவே கேட்கும். இதுவே டீஃபோ பெற்ற படிப்பினை.

கவிஞனும் விலையும்

அவரை நியூகேட் சிறையிலிருந்து மீட்டவர் ராபர்ட் ஹார்லி என்னும் அரசியல் தலைவர். அன்றுமுதல் அவருடைய மறைமுக ஒற்றராகவும் எழுத்தாளராகவும் டீஃபோ பணியாற்றினார். 1709இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியிலிருந்து ஏறத்தாழ 13,000 ஏழை அகதிகள் இலண்டன் வந்தனர். டீஃபோ தம் ‘ரிவ்யூ’ இதழில் அவர்களை ஆதரித்தார். ஆனால் 1710 தேர்தலில் வென்று அச்சட்டத்தையே நீக்கிய ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் அதே ஹார்லி. அவரிடம் ஊதியம் பெற்றவர் அதே டீஃபோ.

பிறர் பொய்மையை நகைத்தவரும் பொய்மையின் நிழலில் வாழ நேர்ந்தது. எனினும் பாடல் விலைபோகவில்லை. 1714இல் ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத ஜெர்மானியர் முதலாம் ஜார்ஜ் இங்கிலாந்தின் மன்னரானபோது, ‘அசல் ஆங்கிலேயன்’ எழுப்பிய நகை மீண்டும் பொருளுடையதாயிற்று. கவிஞன் தளரலாம், நேர்மையாக எழுதப்பட்ட அங்கதம் அவனையும் கடந்து நின்று சான்று பகரும்.