பேர் போன துப்பாக்கி

1960-ல் நீங்கள் இங்கிலாந்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாக ஏர் ரைஃபிள் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ள, நெருக்குண்ட காற்று குண்டைத் துரத்தும். அந்த ரகம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைக்கிறார். ஒன்றில் ‘டயானா’. இன்னொன்றில் ‘ஒரிஜினல்’. எதை எடுப்பீர்கள்?

டயானாவைத்தானே? அங்கேதான் சிக்கல்.

ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் 1890-ல் மேயரும் கிராமெல்ஸ்பாகரும் தொடங்கிய கம்பெனியின் மார்க் அது. வேட்டைக்கான ரோமானிய தேவதை, வில்லை வீசிவிட்டு ஏர் ரைஃபிளைத் தூக்கிக் காட்டுவாள். குசும்புதான்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. ஆயுதம் செய்யத் தடை. இயந்திரங்கள் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனிக்குப் போயின. கூடவே பேரும் போச்சு. 1950-ல் ராஸ்டாட்காரர்கள் மறுபடி தொழிலில் இறங்கியபோது, பிரிட்டனில் சொந்தப் பேரைப் போட வழியில்லை. ‘ஒரிஜினல்’ என்று பொறித்து அனுப்பினார்கள். ரோஷம் தெரிகிறதல்லவா? பி.காமில் ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அன்றே எனக்குப் புரிந்திருக்கும்.

ஆக, மார்க்கை விடுங்கள். குழலை மடக்கி நிமிர்த்துங்கள். மூட்டு ஆடக் கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள தோல் வாஷர் காய்ந்திருந்தால் காற்று கசியும். ஓரிரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் எண்ணெயே பற்றிக்கொண்டு ‘டமார்’!

1982-ல் மில்ப்ரோவின் உற்பத்தி நின்றது. 1984-ல் டயானா ராஸ்டாட்டுக்கே திரும்பினாள்.